மஞ்சள் துணி சுற்றிய விரல்கள்

முத்துமாரியின் கையை மிதித்தது நான்தான். தெரியாமல் அல்ல... அவள் கை என்று தெரிந்தே மிதித்தேன்!

உடனே என்னை வெறுத்துவிடாதீர்கள். அந்த இசையை நீங்களும் கேட்டிருக்க வேண்டும்.

வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானம். சனிக்கிழமைப் பிற்பகல், கொட்டும் மழையில் காதைப் பிளக்கும் மெட்டல் இசைக் கச்சேரி! நானும் முத்துமாரியும் ஒரே தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்கள். அரைநாள் வேலை முடித்து, அட்டைக்கடிக்குப் பயந்து போடும் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடினோம்.

மேடைக்கு முன்னால் ஆளை ஆள் இடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வாரம் முழுக்கக் கங்காணி முன்னால் வாயைப் பொத்தி நிற்கிறவள் நான். இங்கே முகம் தெரியாதவனை முட்டித் தள்ளலாம், அவனும் சிரித்துக்கொண்டே தள்ளுவான் என்றால்... சொர்க்கம் வேறு எங்கே இருக்கிறது!

"ஏட்டி ஜெசி, கை கால் போச்சுன்னா திங்கக்கிழம கொழுந்துக்கு யாரு போவா?" என்றாள் முத்துமாரி. நான்தான் உள்ளே இழுத்துப் போனேன்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரே சட்டம், விழுந்தவரைத் தூக்க வேண்டும். ஒருவன் சறுக்கியதும் "ஆளு வீணு! பொக்கு, பொக்கு!" என்று மலையாளப் பையன்கள் கத்தித் தூக்கி நிறுத்தினார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன்.

பிறகு முத்துமாரி விழுந்தாள். சேற்றிலிருந்து ஒரு கை நீண்டது. விரல்களில் மஞ்சள் துணி! கொழுந்து கிள்ளும்போது வெட்டுப்படாமல் இருக்க, காலையில் என் பழைய ஷாலைக் கிழித்து நானே சுற்றிவிட்டது...

குனிந்திருக்கலாம். ஆனால் அந்த நொடியில் டிரம் நின்றது. கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அடுத்த அடி விழும்போது குதிக்காமல் இருக்க முடியுமா? உங்களால் முடியுமா? அவள் கை என் பூட்ஸுக்கு அருகே தரையில் ஊன்றியதைப் பார்த்தேன். குதித்தேன். காலடியில் ஏதோ நெரிந்தது... அப்போதும் ஆனந்தமாக அலறிக்கொண்டிருந்தேன்!

பாட்டு முடிந்த பிறகுதான் தூக்கினேன்.

அவளுடைய இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. எங்கள் எல்லோரையும்விட வேகமாகப் பறித்தவள், இப்போது தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்குகிறாள். "எந்தப் பாவி மிதிச்சானோ! ஜெசி தூக்கலன்னா செத்திருப்பேன்" என்று எல்லோரிடமும் சொல்கிறாள். அந்தப் பாவியை நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

நேற்று அவளே ஓடி வந்தாள். அதே மைதானத்தில் மறுபடியும் கச்சேரியாம். "போவோமாட்டி? இந்தத் தடவ ஒன் கைய விடவே மாட்டேன்" என்றாள்.

சொல்லிவிட வாய் திறந்தேன்... "போவோம்" என்றுதான் வந்தது. அதற்குள் என் கால் தாளம் போட ஆரம்பித்திருந்தது.