மூடியில் இரண்டு எழுத்து

எர்த் குழி வேலை முடிந்ததும் சக்கரபாணி அதன் மூடியில் மஞ்சள் பெயின்டால் 'ச.பா.' என்று எழுதுவான். பக்கத்தில் தேதி. புதுச்சேரியில் வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை. பல வீடுகளில் குழிக்கு மூடியே கிடையாது.

வயரிங்கில் இருபத்திரண்டு வருஷம், அதில் கடைசிப் பதினொன்று சோலார். மூலக்குளத்தில் வாடகை வீடு. மொட்டைமாடியில் பேனல் வைக்க வீட்டுக்காரர் விடவில்லை. கரண்ட் போனால் மேனகா அட்டையை எடுத்து விசிறிக்கொண்டு, "சோலார்காரன் பொண்டாட்டி" என்று தன்னையே சொல்லிக்கொள்வாள்.

கடலோர மண்ணில் உப்பு இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடும். மின்னலும் கசியும் கரண்டும் மண்ணுக்குள் போய்விட, அவன் குழியில் செம்புக் கம்பியைப் பத்தடி இறக்குவான். மீட்டரை வைத்துப் பார்ப்பான். முள் இரண்டு ஓமுக்குக் கீழே வந்தால்தான் பெயின்ட் டப்பாவைத் திறப்பான். வராவிட்டால் பக்கத்தில் இன்னொரு குழி.

"எத்தினி குழிண்ணா தோண்டுவ, கெணறா வெட்டுற?" என்பான் செல்வகுமார். லாஸ்பேட்டையில் சோலார் கடை அவனுடையது. சக்கரபாணியைவிடப் பத்து வயது சின்னவன், இன்ஜினியரிங் படித்தவன்.

கிளம்புவதற்கு முன் வீட்டுக்காரர்களை இன்வெர்ட்டர் பக்கத்தில் நிறுத்தி இரண்டு சிவப்புக் கைப்பிடிகளைக் காட்டுவான் சக்கரபாணி. ஒன்று பேனலிலிருந்து வருவதை வெட்டும். இன்னொன்று தெரு லைனை வெட்டும். "இடி கேட்டா ரெண்டையும் கீழ இறக்கிடுங்க. பேட்டரி தனியா ஓடும். குழி பாதிதான் காப்பாத்தும். மீதி உங்க கையில."

முக்கால்வாசிப் பேர் மறுநாளே மறந்துவிடுவார்கள். ஜோசஃபின் அம்மாள் மறக்கவில்லை. மிஷன் வீதிக்குப் பின்னால் வீடு, எழுபத்துநாலு வயது. புருஷர் ழான்-மரி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். நுரையீரல் போய், படுக்கையோரம் ஆக்சிஜன் மெஷினோடு இருந்தார். அந்த மெஷினுக்காகத்தான் சோலாரும் பேட்டரியும். வானம் முனகினால் போதும், அம்மாள் ஸ்டூலில் ஏறி ஒரு கைப்பிடியை இறக்குவார், அடுத்ததை இறக்குவார், "வுவாலா" என்பார், பிரெஞ்சில் 'ஆச்சு' என்பதுபோல. படுக்கையிலிருந்து ழான்-மரி கைதட்டுவார், சத்தம் வராத கைதட்டல்.

ஒரு மே மாதம் லடாக் பக்கம் வானம் சிவந்த படம் எல்லார் போனிலும் வந்தது. சூரியனிலிருந்து புயல், உலகம் முழுக்கக் கரண்ட் போகப்போகிறது, சோலார் எல்லாம் கருகிவிடும் என்று கீழே எழுதியிருந்தது. ஒரு வாரத்துக்குள் செல்வகுமார் கடையில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. உள்ளே சாம்பல் நிறத்தில் செங்கல் அளவு இரும்புப் பெட்டிகள். சூரியப் புயலும் அணுகுண்டு அலையும் தாக்காமல் காக்கும் என்று மேலே அச்சடித்திருந்தது.

சக்கரபாணி ஒன்றைத் திருகி, திறந்து பார்த்தான்.

"தம்பி, இதுல ஒண்ணுமே இல்லியே."

"பச்ச லைட்டு எரியுதில்ல."

"லைட்டுக்கு ரெண்டு வயரு. மீதியெல்லாம் எம்-சீல் பசைய அப்பி வெச்சிருக்கான். எடைக்கா?"

"கையில வாங்குனா கனக்கணும்ணா. இல்லன்னா எவன் நம்புவான்?"

"சூரியப் புயல் நம்ம மாடி வயர ஒண்ணும் பண்ணாது. நூறு மைலு எரநூறு மைலு போற லைன்லதான் அது ஏறும். தெரு லைன் வழியா உள்ள வந்தா உண்டு. அதுக்குக் கைப்பிடி இருக்கு. குண்டு வெடிச்சு வர்ற அலைக்கு இது நிக்காது. இன்னொரு இன்வெர்ட்டர வாங்கி, சந்து இல்லாத இரும்புப் பொட்டியில மூடி வெச்சா அது பொழைக்கும். இது எதுக்கு?"

"நீயே சொல்லிட்ட, அந்தப் புயல் நம்ம மாடிக்கு வராதுன்னு. வராததுக்கு விக்கிறதுல என்னண்ணா பாவம்?"

சக்கரபாணி பெட்டியைத் திருகி மூடினான். மகள் சரிதா நர்சிங் இரண்டாம் வருஷம், ஃபீஸ் கட்டவேண்டும். "மாட்டித் தர்றேன். என் எழுத்து மட்டும் போடமாட்டேன்" என்றான்.

"எவன் கேட்டான் உன் எழுத்த?"

கேட்டது ஜோசஃபின் அம்மாள். பிரான்ஸில் லியோனிலிருந்து மகன் யான் போன் செய்து ஒரு பெட்டி மாட்டச் சொல்லியிருந்தான். சக்கரபாணி மாட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பாணி, எழுதலியே."

"பெயின்ட் எடுத்தாரல, மதாம்."

"இரு." பேத்தி அனைஸ் லீவுக்கு வந்தபோது விட்டுப்போன நகப்பூச்சுப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். "கீழ கெடக்குற மூடியில எழுதுற, இதுல எழுதக் கூடாதா? யானுக்குப் படம் அனுப்பணும்."

சின்னத் தூரிகை. எழுத்து ஒன்றும் கோணவில்லை, அதுதான் பிறகு அவனுக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது. சிவப்பில் ச.பா. என்று எழுதினான். தேதியும் போட்டான்.

"இனிமே கைப்பிடிய இழுக்க வேணாமில்ல? ஸ்டூல்ல ஏறுனா தோள்பட்ட வலிக்குது."

"இழுத்தா நல்லது, மதாம்."

"அப்ப இது எதுக்கு?"

அவன் ஸ்க்ரூ டிரைவர்களைப் பைக்குள் அடுக்கினான். அம்மாள் காபி கொண்டுவந்தார். குடித்துவிட்டுக் கிளம்பினான்.

படம் லியோன் போய், நன்றியோடு கடை போனுக்குத் திரும்பி வந்தது. செல்வகுமார் விழுந்து விழுந்து சிரித்தான். "சூப்பர் ஐடியாண்ணா. ஜனம் உன்ன நம்புது." அடுத்த லோடில் எல்லாப் பெட்டியிலும் மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது, ச.பா. என்று. அவன் கையெழுத்தையே பார்த்து அடித்திருந்தார்கள். அறுபது வீடுகள். சக்கரபாணிதான் மாட்டினான்.

செப்டம்பரில் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கடற்கரைப் பக்கம் விழுந்த ஒரு இடியில் லாஸ்பேட்டைக் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் சக்கரபாணியின் போன் அடித்தது. "பாணி, மெஷின் நின்னுபோச்சு" என்றார் ஜோசஃபின் அம்மாள். உடனே போனை வைத்துவிட்டார்.

மழையில் வண்டியை விரட்டிக்கொண்டு போனான். வாசலில் ஆம்புலன்ஸ் கதவை மூடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கருகிய வார்னிஷ் நாற்றம். தெரு லைனில் வந்த மின்னல் இன்வெர்ட்டரைத் தின்றிருந்தது. கைப்பிடிகள் இரண்டும் மேலேயே இருந்தன. ஸ்டூல் மூலையில், அதன்மேல் மடித்த துணிகள். தெருவில் கரண்ட் திரும்பியிருந்தது, பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ழான்-மரி ஒன்பது நாள் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்தபோது கையைத் தூக்க முடியவில்லை.

"எல்லார்கிட்டயும் சொல்லிடப்போறேன்" என்றான் சக்கரபாணி கடையில்.

"சொல்லு. எவன் எழுத்து இருக்கு அதுல?" செல்வகுமார் தலை நிமிரவில்லை. "மீட்டர வெச்சிட்டுப் போ. அது கடையோடது."

அன்றே வேலை போயிற்று. அறுபது வீட்டுக்கும் போன் செய்தான். பெட்டியை நம்பாதீங்க, இடி இடிச்சா கைப்பிடிய இறக்குங்க என்றான். "உங்க ஸ்டிக்கர்தானே ஒட்டியிருக்கு?" என்று சிலர் குழம்பினார்கள். "வேற கடை ஆரமிச்சிட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

ஜோசஃபின் அம்மாள் வீட்டுக்கு மட்டும் நேரில் போனான். மகன் பணம் அனுப்பி, வேறு கடையில் புது இன்வெர்ட்டர் மாட்டியிருந்தார்கள். மெஷின் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சக்கரபாணி பெட்டியைச் சுவரிலிருந்து இறக்கி, திறந்து மேஜைமேல் வைத்தான்.

"இதுல ஒண்ணுமில்ல, மதாம். மாட்டுறப்பவே எனக்குத் தெரியும்."

அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தார். "இதுல என்ன இருக்கணும்னே எனக்குத் தெரியாதே, பாணி. நான் எழுத்தத்தானே பாத்தேன்."

அவன் நின்றான். உட்காரச் சொல்லவில்லை அவர்.

"கொல்லையில அந்த மூடியிலயும் அதே எழுத்துதானே?"

"அது வேற, மதாம். அது நெஜம். செம்புக் கம்பி, பத்தடி."

"காட்டு."

கொல்லைக்குப் போனார்கள். மூடியில் மஞ்சள் எழுத்து வெளுக்காமல் இருந்தது. நகத்தால் மண்ணைச் சுரண்டி மூடியைத் தூக்கினான். ஈர மண்ணுக்கு நடுவில் செம்புக் கம்பியின் தலை, நாலு விரல் உயரம்.

"தல தெரியுது" என்றார் அம்மாள். "பத்தடின்னு நீங்க சொல்றீங்க."

பாணி, வா, போ எல்லாம் நின்றுவிட்டதை அவன் கவனித்தான்.

"மீட்டர் வெச்சா தெரியும். மீட்டர் இப்ப என்கிட்ட இல்ல."

"இருந்தாலும் அந்த முள்ளு என்ன சொல்லுதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லணும்."

அவன் குழியருகே குந்தியபடி இருந்தான். கம்பியைப் பிடுங்கிக் காட்டலாம். பிடுங்கினால் வீட்டுக்கு எர்த் இருக்காது.

மேற்கே, வில்லியனூர்ப் பக்கம், வானம் முனகியது. அம்மாள் உள்ளே போனார். சக்கரபாணி மூடியைப் பொருத்திவிட்டுப் பின்னாலேயே போனான். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சுவரைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார். அவன் கை நீட்டினான். அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. ஒரு கைப்பிடியை இறக்கினார். தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு அடுத்ததை இறக்கினார்.

படுக்கையிலிருந்து ழான்-மரி பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை 'வுவாலா' இல்லை. மெஷின் பேட்டரியில் ஓடியது.

"வாசக்கதவ சாத்திட்டுப் போங்க" என்றார் ஜோசஃபின் அம்மாள், ஸ்டூலிலிருந்து இறங்காமலே.