வெடிக்காத பலூன்

சலூனில் அவருக்கு அவசரம் என்று பெயர். அவசரமாகப் போக வேண்டும் என்று யாராவது வந்தால், அந்த ஆளைக் கடைசியாகத்தான் உட்கார வைப்பார். வாடிக்கைக்காரர்கள் அதற்காக வைத்த பெயர் அது. பாதி வாழ்க்கையை முதல் நாற்காலிக்குப் பின்னால் நின்றே கழித்தவர்.

கழுத்தெலும்பில் நசுங்கிக் கிடந்த நரம்பை அறுவை சிகிச்சை செய்து விடுவித்தார்கள். வலி போய்விட்டது. வலது கை விரல்களில் உணர்ச்சி திரும்பவில்லை. திரும்பலாம் என்றார் டாக்டர். எப்போது என்று கேட்டதும் ஃபைலை மூடினார்.

"கையைச் சும்மா விடாதீங்க. மனசைச் சந்தோஷமா வச்சுக்குங்க" என்று பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அனுப்பினாள். பந்தை அமுக்கிக்கொண்டிருப்பது அவருக்கு ஒரு வேலையாகத் தோன்றவில்லை. சவரம் பழகுகிறவர்கள் ஊதிய பலூனில் சோப்பு நுரை தடவி, அது வெடிக்காமல் நுரையை வழித்தெடுத்துப் பழகுவார்கள். அவரும் ஒரு காலத்தில் அப்படித்தான் பழகினார். மறுபடியும் அங்கிருந்தே தொடங்கலாம் என்று மனைவியிடம் பலூன் வாங்கிவரச் சொன்னார்.

தினமும் காலையில் அவள் பலூனை ஊதி நாற்காலி முதுகில் கட்டுவாள். பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் செருகுவதும் அவள்தான். மரத்துப்போன விரல்களால் அவருக்கு அது முடியவில்லை. அவர் நுரை தடவிக் கத்தியை வைப்பார். இரண்டாவது இழுப்பில் வெடிக்கும். முகமெல்லாம் நுரை தெறிக்கும்.

மாடியில் குடியிருந்த இரவுக் காவல்காரர் பகலில் தூங்க வேண்டியவர். ஒருநாள் படியிறங்கி வந்தார்.

"அண்ணே, ராத்திரி சத்தம் கேட்டா எழுந்திரிக்கத்தான் எனக்குச் சம்பளம். பகல்லயும் அதே வேலை வைக்கிறீங்களே."

"ரெண்டு சம்பளமா கேட்டு வாங்கு" என்றார் இவரும்.

காவல்காரர் போனதும் இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். தட்டில் சோறு காய்ந்தது. மனைவி பேசினால் "ம்" என்பார். பிறகு அதையும் நிறுத்திக்கொண்டார்.

காலைப் பயிற்சியை மட்டும் விடவில்லை. அப்படியிருக்கும்போது ஒருநாள் பலூன் வெடிக்கவில்லை. நுரை முழுவதும் கத்தியோடு வந்துவிட்டது. அவர் பலூனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மறுநாளும் வெடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும்.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்" என்றாள் மனைவி.

அன்று சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மனைவியின் தம்பிதான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது நாற்காலி அவனுடையது. முதல் நாற்காலியில் ஒரு துண்டை விரித்து வைத்து, கூட்டம் நின்றாலும் அதில் ஆளை உட்காரவிடாமல் இருந்தான். விடுமுறை நாளில் தாடியோடு வீட்டுக்கு வரும்படி அவனுக்குச் சொல்லி அனுப்பினார்.

வந்தவன், பலூன் கட்டும் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மாமா, வெடிச்சா மாத்திக் கட்ட இன்னொரு மச்சான் கிடையாது. ஞாபகம் வச்சுக்குங்க."

"வாயை மூடு மாப்ள. நுரை உள்ள போயிடும்."

மனைவி கத்தியைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். அவர் அதை மச்சானின் காதோரத்தில் வைத்துக் கீழே இழுத்தார். நுரை வந்தது. முள்தாடியில் பிளேடு இறங்கினால் சரசரவென்று ஒரு சத்தம் வரும். அது வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். வழித்த இடத்தில் தாடி அப்படியே நின்றது.

கத்தியைத் திருப்பி இடது கை விரலால் விளிம்பைத் தடவினார். பிளேடு இல்லை.

"என்னைக்கிலேர்ந்து?" என்றார்.

"வெடிக்காத நாள்லேர்ந்து" என்றாள் மனைவி. "நீங்க சாப்பிடாம கிடந்தீங்க. ஒரே ஒரு நாளைக்குன்னுதான் நினைச்சேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இன்னைக்கு இவன் கழுத்துல போய்..."

அவள்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. பிளேடு இருக்கிறதா இல்லையா என்பது கத்தியைத் தொட்டதுமே கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்து அவர் வேலை செய்ததே இல்லை. இத்தனை நாள் வெறும் தகட்டைப் பிடித்து வழித்திருக்கிறார், கை ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் சொன்னது காதுதான்.

மச்சான் பாதி நுரையோடு நிமிர்ந்தான். "பிளேடு போட்டுக் குடு, அக்கா. மாமா செய்யட்டும். நான் அசைய மாட்டேன்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் துண்டை எடுத்து மச்சானின் முகத்தைத் துடைத்தார். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்ததையும் விடாமல் துடைத்தார்.

"நாளைக்கு முதல் நாற்காலிலேர்ந்து அந்தத் துண்டை எடுத்துடு. நீ அங்க நில்லு. கூட்டத்தைக் காக்க வைக்காதே."

"அதுக்கு இப்ப என்ன மாமா?"

அவர் கத்தியைக் கழுவித் துடைத்து அவன் சட்டைப் பையில் வைத்தார்.

மறுநாள் காலையில், பழக்கத்தில், மனைவி பலூனை ஊதிக் கட்டிவிட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அதை அவிழ்க்க அவளுக்கும் கை வரவில்லை. நாளாக ஆகக் காற்று இறங்கி, அது சுருக்கம் விழுந்து நாற்காலி முதுகில் தொங்கியது.

மாடிப்படியில் காவல்காரர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "என்ன அண்ணி, சத்தத்தையே காணோம். அண்ணன் கை நல்லாயிடுச்சு போல."

"ஆமா" என்றாள். "நீங்க தூங்குங்க."