நைனா சொன்னதும் நான் நினைத்துக்கொண்டதும்

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் முதல் தடவை தோற்றபோது, ஜெபம் பண்ணக்கூட எனக்கு வாய் வரவில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. ஊர் தோணிரேவு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறவர். அம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பாள். என்னை வீழ்த்தியது தர்க்கப் பகுதி. 'இது நடந்தால் அது நடக்கும்' என்றால் போதுமான நிபந்தனை. 'இது நடந்தால்தான் அது நடக்கும்' என்றால் அவசியமான நிபந்தனை. மனப்பாடமாகச் சொல்வேன். கேள்வித்தாளைப் பார்த்ததும் இரண்டும் ஒன்றாகிவிடும்.

மறு வருஷம் திரும்பவும் எழுதத் தயாரானேன். அதற்குள் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அவர்கள் போன பிறகு நைனா சொன்னார்: "இந்த தபா சீட்டு கெடைச்சா, கல்யாணப் பேச்ச தள்ளி வெச்சிர்றேன்."

கிடைக்காவிட்டால் கல்யாணம். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. படித்தது மனதில் தங்கவில்லை. கோயிலில் மண்டியிட்டு, "சீட்டைத் தாரும் ஆண்டவரே" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் அந்த வார்த்தையும் வரவில்லை. "எனக்கு ஒண்ணும் புரியல, தெளிவு தாரும்" என்று அழுதுவிட்டு வந்தேன்.

மத்தியானம் மழை விட்டிருந்தது. பயிற்சிக் கேள்வி ஒன்றை எடுத்தேன். மழை பெய்தால் ஆட்டம் நடக்காது, மழை பெய்யவில்லை, ஆகவே ஆட்டம் நடக்கும் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்று போட்டேன். தப்பு. ஏன் தப்பு? எங்கள் படகை வைத்து யோசித்தேன். புயல் கூண்டு ஏற்றினால் படகு போகாது. ஏற்றாத நாளிலும் எஞ்சின் பழுதாகிப் படகு கரையில் கிடந்திருக்கிறதே. ஏற்றினால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த வாக்கியம் சொல்கிறது. ஏற்றாவிட்டால் என்ன என்று அது வாயே திறக்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. நைனாவும் 'கெடைச்சா' என்றுதானே சொன்னார்? 'கெடைச்சாத்தான்' என்று சொல்லவில்லையே.

வாசலில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"நைனா, சீட்டு கெடைக்கலன்னா இன்னா பண்ணுவ?"

"இன்னா பண்ணுவாங்க? இன்னொரு தபா எழுது."

"கல்யாணம்?"

ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கெடைக்கலன்னா கட்டிக் குடுத்துருவேன்னு நான் சொன்னனா?"

"சொல்லல. நானா நெனச்சிக்கினேன்."

"அதான் இப்டி எளச்சிப் போயிக்கிறியா?" என்றார்.

அன்று சாயங்காலம் வயிறாரச் சாப்பிட்டேன். பயம் போனபின் படிப்பு ஏறியது. தேர்வில் அந்தப் பகுதியை நடுங்காமல் எழுதினேன். ஆண்டவர் கிருபையால் இடம் கிடைத்தது. இப்போது முதல் வருஷம் படிக்கிறேன்.

ஜெபித்தால் சீட்டு கிடைக்கும் என்று சாட்சி சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. என்னைவிட உருக்கமாக ஜெபித்த தோழிக்கு இடம் கிடைக்கவில்லை. அவளுக்காக இன்றும் ஜெபிக்கிறேன். எனக்குத் தெரிந்தது இதுதான்: தெளிவு தாரும் என்று கேட்ட அன்றே ஆண்டவர் தந்தார், நைனாவிடம் வாய்விட்டுக் கேட்கும் தைரியத்தையும் சேர்த்துத் தந்தார். உங்களையும் ஏதோ ஒரு பயம் அரித்துக்கொண்டிருக்கலாம். அவரிடம் அதைச் சொல்லி அழுங்கள். பிறகு எழுந்துபோய், யாரிடம் கேட்கப் பயப்படுகிறீர்களோ அவரிடமே கேளுங்கள்.