அரைப்புள்ளியில் அறுந்த கட்டளை

பினாங்கில் பன்னிரண்டரை மணியானால் எங்கள் அலுவலகம் காலியாகிவிடும். சர்வர் விழுந்து கிடந்தாலும் சரி, வாடிக்கையாளர் கத்தினாலும் சரி, முதலில் சோறு. கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த இடத்தில், பிழை தீருமுன் டிபன் டப்பாவைத் திறந்தால் முறைப்பார்கள். அதனால் வந்த புதிதில் இவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்றே நினைத்தேன்; ஊரில் மனைவி செல்வியிடமும் அப்படியே சொல்லி வைத்தேன்.

போன மாதம் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் எங்கள் மென்பொருள் படுத்துவிட்டது. டேட்டாபேஸுக்கான செயல்முறைகளை அது கட்டளை கட்டளையாகப் பிரித்து அனுப்ப வேண்டும். அரைப்புள்ளி வந்தால் கட்டளை முடிந்தது என்பது அதன் கணக்கு. ஆனால் ‘பிகின்’ என்று தொடங்கி ‘எண்ட்’ என்று முடியும் தொகுதிக்குள் அரைப்புள்ளிகள் நிறைய வரும். முதல் அரைப்புள்ளியிலேயே கத்தரித்து, பாதிச் செயல்முறையை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த விதியை எழுதிய புண்ணியவான் நான்தான்.

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று அந்த வாரம்தான் முடிவாக இருந்தது. புதுப்பித்தால் செல்வியும் மகளும் இங்கே வந்துவிடலாம், ஊர்ப் பள்ளியில் மகளின் இடத்தை விட்டுவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம். வாயைத் திறக்காமல் திருத்திவிடலாமா என்று யோசித்தேன். பயமாக இருந்தது.

திருத்தம் பெரிதில்லை. பிகினுக்கு ஒன்று கூட்டு, எண்டுக்கு ஒன்று கழி, எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கும்போது வரும் அரைப்புள்ளிதான் முடிவு. எழுதினேன், மறுபடியும் தவறியது. ‘கேஸ்’ என்று தொடங்குவதும் எண்டில்தான் முடியும் என்பதை மறந்திருந்தேன். அப்போது எங்கள் அணித்தலைவி புஷ்பா அக்கா மேசையருகே வந்து நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்த குடும்பம் அவருடையது. தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

“தெரியும் தம்பி, அந்த விதி மேலயே எழுதுனவன்னு உன் பேரு இருக்கு. சாப்பிட்டு வந்து பார்ப்போம் லா” என்றார், இந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒட்டிக்கொள்ளும் ‘லா’வோடு.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். சாப்பாட்டுக் கடையில் மீன் கறியைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினேன். அவரோ ஒப்பந்தத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. கேஸையும் எண்ணிக்கையில் சேர்த்தால் போதாதா என்று மட்டும் கேட்டார். போதுமாயிருந்தது. மூன்று மணிக்குத் தொழிற்சாலையில் எல்லாம் ஓடியது.

வெள்ளிக்கிழமை மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். செல்வியிடம் சொன்னதும் போனிலேயே அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடம் வேண்டாமென்று பள்ளியில் எழுதிக் கொடுத்துவிடவா என்று கேட்டாள்.

“இரு, இப்ப குடுத்துடாத” என்றேன்.

மூன்று வருடம் கழித்து ஒப்பந்தம் நீளாவிட்டால் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டுமே என்ற பயம். ஆனால் எந்தப் பள்ளியும் மூன்று வருடத்துக்கு ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருக்காது என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.