மூணு கொம்பு, முதுகில் அப்பளம்

அப்போது எனக்கு முப்பத்திநாலு வயது. என் அலுமாரியில் நூற்றுப் பதினேழு டைனோசர்கள் இருந்தன. இந்த இரண்டையும் தனித்தனியாகச் சொன்னால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஒரே மூச்சில் சொன்னால்தான் எதிரே இருப்பவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்ப்பார். அம்மா கூரையைப் பார்ப்பாள்.

எல்லாம் பிளாஸ்டிக் பொம்மைகள்தான். பெரஹர ஊர்வலக் காலத்தில் கண்டி நடைபாதைக் கடைகளில் பத்துப் பன்னிரண்டை ஒரு வலைப் பையில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஊரே யானை பார்க்கக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்போது நான் குந்தியிருந்து அந்தப் பைகளைத் துழாவிக்கொண்டிருப்பேன். மற்ற நாட்களில் மடவளையில் ஒரு ஃபென்சி கடைக்காரர் எனக்காகக் கண் வைத்திருந்தார். புதுப் பெட்டி உடைத்தால் போன் வரும். "மிஸ், புதுசா ரெண்டு வந்தீக்கி. பல்லெல்லாம் சரியா ஈக்கி" என்பார். பல்லைப் பற்றி நான் கேட்பேன் என்று அவருக்குத் தெரியும்.

"செவத்துல ஓடுற பல்லி பத்தாதுன்னு இவ கடையில போய் வேற வாங்கிட்டு வர்றா" என்பது அம்மாவின் நிரந்தரப் புகார். ஆனாலும் தூசி தட்டுவது அவள்தான். ஸ்டெகோசோரஸ், ட்ரைசெரடொப்ஸ் என்றெல்லாம் நாக்கைச் சுளுக்கிக்கொள்ள அவள் தயாரில்லை. சொந்தமாகப் பெயர் வைத்துக்கொண்டாள். முதுகில் தட்டுத் தட்டாக நிற்பது அப்பளம். முகத்தில் கொம்பு வைத்திருப்பது மூணு கொம்பு. வாய் பெரிதாகவும் கை குட்டையாகவும் இருப்பதற்கு என் பெரியப்பாவின் பெயர். பெரியப்பா வீட்டுக்கு வரும் நாட்களில் மட்டும் அது பெயரில்லாமல் இருக்கும்.

வாங்கினால் போதாது, அதைப் பற்றி ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு அரிப்பு. கதிரையில் அரிசி டின்னை வைத்து, அதில் போனைச் சாய்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ எடுத்துப் போடுவேன். பார்க்கிறவர்கள் முந்நூறு பேர் இருந்தார்கள். அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். அவர்களும் பின்னால் குசினியில் அம்மா யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்று கேட்கத்தான் பார்த்தார்கள்.

என்னிடம் முறை இருந்தது. முதலில் மணம். நல்ல பிளாஸ்டிக் மணக்காது. மட்டமானது மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். அடுத்தது நிற்கும் சோதனை. எங்கள் வீட்டுத் தரை மலைச்சரிவுக்கு மரியாதை கொடுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதில் விழாமல் நின்றால் உலகத்தில் எங்கேயும் நிற்கும். பிறகு பல், நகம், இரண்டு அச்சும் சேரும் கோடு. கடைசியில் பத்துக்கு மார்க். டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தேன், நாள் முழுக்கச் சின்னக் குறைகளைத் தேடுவதே பிழைப்பு. அதனால் மார்க் விஷயத்தில் இரக்கமே கிடையாது. மடவளைக் கடைக்காரர் பிறந்தநாளுக்குச் சும்மா கொடுத்த பொம்மைக்கும் நாலுதான் போட்டேன். அவர் இரண்டு வாரம் போன் எடுக்கவில்லை. மார்க்கில் நான் பொய் சொன்னதே இல்லை என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

அந்தத் திமிர் உடைந்தது ஒரு பஸ்ஸில்.

எங்கள் வீடு அம்பிட்டியவுக்கு அப்பால். காலையில் அம்பிட்டிய வரை ஏற்றம், அதற்குப் பிறகு டவுன் வரை இறக்கம். நான் வழக்கமாகப் போகும் பஸ்ஸை ஓட்டியவர் என்னை விடப் பத்து வயது மூத்தவர், எங்களைப் போல மலையகத் தமிழர், தோட்டத்து லொறி ஓட்டிப் பழகிய கை. டிரைவர் பக்கத்து என்ஜின் மூடிமேல் எனக்கு நிரந்தர இடம். குளிர் காலத்தில் அதைவிடச் சொகுசான ஆசனம் கண்டியில் கிடையாது.

காய்ச்சலில் கிடந்து இரண்டு வாரம் கழித்து பஸ் ஏறிய நாள், முன் கண்ணாடிக்குக் கீழே, பிள்ளையார், புத்தர், மாதா படங்களுக்கு ஒரு படி தாழ, புதிதாக ஒன்று ஒட்டியிருந்தது. பச்சை நிறம், விரல் நீளம். முகத்தில் மூன்று கொம்பு. கழுத்துக்குப் பின்னால் விசிறி. அதுவரை சரி. அதற்குப் பிறகு முதுகில் தட்டுத் தட்டாக அப்பளம்! வாலில் முள்! தொழிற்சாலையில் யாரோ தூக்கக் கலக்கத்தில் ஒன்றின் தலையை இன்னொன்றின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள்.

சேகரிக்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட பிழை கிடைப்பது புதையல் கிடைப்பது போல. நூற்றுப் பதினேழில் ஒன்றுகூட எனக்குப் பிழையாக வாய்த்ததில்லை. என் கை தன்பாட்டில் நீண்டது.

"தொடாதீங்க மிஸ்" என்றார் டிரைவர். "யாரோ பஸ்ஸுல விட்டுட்டுப் போனது. ஒட்டி வச்ச நாள்ல இருந்து வண்டி ஒரு தடவ கூட நிக்கல."

அது உண்மைதான் என்று போகப் போகத் தெரிந்தது. முன்பெல்லாம் அந்த பஸ் வாரத்துக்கு ஒரு முறையாவது ஏற்றம் முடியும் இடத்தில் இருமிக்கொண்டு நின்றுவிடும். பத்துப் பேர் இறங்கிப் பத்தடி தள்ளினால் இறக்கத்தில் தானாக ஸ்டார்ட் ஆகும். பச்சை மிருகம் வந்த பிறகு அது நடக்கவில்லை. பயணிகள் அதைக் கவனித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒரு தாதி இறங்கும்போது அதன் கொம்பைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குவார். வெள்ளிக்கிழமைகளில் யாரோ அதற்கு ஒரு மல்லிகைப் பூவும் வைத்தார்கள்.

கண்டக்டர் மட்டும் என் காதருகே குனிந்து, "அதே வாரம் டீசல் பம்பும் மாத்துனோம் மிஸ். அதுக்குப் பூ வைக்க ஒரு ஆளும் இல்ல" என்றார்.

நான் டிரைவரிடம் கேட்டேன். எனக்குக் கொடுங்கள், பதிலுக்கு வேறு நல்லதாகத் தருகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். ஒரு மாதம் பொறுத்து இன்னொரு தரம் கேட்டேன். "வண்டிக்கு ராசியானதுங்க மிஸ்" என்று அதோடு முடித்துவிட்டார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் மிகை. இறங்கியது. ஆனால் சாப்பிடும்போதும் அந்த மூன்று கொம்பு கண்ணுக்குள் நின்றது. அப்போதுதான் அந்தக் கேவலமான யோசனை வந்தது. பொம்மைக்கு மதிப்பில்லை என்று வீடியோவில் சொல்லி, அதைக் கண்டக்டர் பார்த்து டிரைவரிடம் காட்டினால், அவரே கழற்றிப் போட்டுவிடுவார் அல்லவா?

பஸ் டவுனில் போய் நின்ற நேரத்தில் அதைப் போனில் சுற்றிச் சுற்றி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ போட்டேன். மட்டமான பிளாஸ்டிக் என்றேன். மணந்து பார்க்கவே இல்லை. நிற்காது என்றேன். நிறுத்திப் பார்க்கவே இல்லை. தலை ஒன்று உடம்பு ஒன்று, குப்பையில் போட வேண்டியதைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்கள் என்றேன். பத்துக்கு இரண்டு. பின்னால் அம்மா, "பாவம்டி அது" என்று சொன்னதும் பதிவாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை கண்ணாடிக்குக் கீழே வேறொன்று இருந்தது. பளபளவென்று, சரியான தலையோடும் சரியான உடம்போடும் ஒரு ட்ரைசெரடொப்ஸ். போன மாதம் நான் ஒன்பது கொடுத்தது.

"கண்டக்டர் ஒங்க வீடியோவக் காட்டுனாரு மிஸ்" என்றார் டிரைவர். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். தங்கச்சி பிள்ளைக்கும் நீங்க சொன்னதத்தான் வாங்கிக் குடுத்தேன். இவ்வளவு நாளா ஒரு குப்பையப் பெருமையா வச்சுக்கிட்டு இருந்திருக்கேன். படிச்ச ஆளுங்க எல்லாம் உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பாங்க இல்ல?"

"பழையது எங்கே?" என்று மட்டும் கேட்டேன். எவ்வளவு பெரிய மனது பாருங்கள்.

அவர் பதில் சொல்வதற்குள் பஸ் இருமியது. ஏற்றம் முடியும் அதே இடத்தில், பல மாதங்களுக்குப் பிறகு, நின்றது. பஸ்ஸுக்குள் ஒரு பெருமூச்சு ஓடியது. தாதி என்னைத் திரும்பிப் பார்த்தார். வீடியோவை அவரும் பார்த்திருக்கிறார் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. முந்நூறு பேரில் சொந்தக்காரர் அல்லாத அந்தப் பாதிப் பேரும் இந்த பஸ்ஸில்தான் வருகிறார்கள் போலிருக்கிறது.

நானும் இறங்கித் தள்ளினேன். சேலையைச் செருகிக்கொண்டு, கண்ணாடிக் கடை அடையாள அட்டை கழுத்தில் ஆட, பின்பக்கத்தில் தோளைக் கொடுத்தேன். நிமிர்ந்தால், கடகடவென்று ஆடும் பின் யன்னலுக்கு முட்டுக் கொடுத்து இடுக்கில் செருகப்பட்டிருந்தது என் பச்சை மிருகம். மூன்று கொம்பும் என்னையே பார்த்தன.

பஸ் ஸ்டார்ட் ஆனதும் டிரைவரிடம் போய் நின்றேன். "அந்த யன்னல்ல இருக்கிறத நான் எடுக்கவா?"

"குப்பைதானே மிஸ், எடுத்துக்குங்க" என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று மூன்று வாடிக்கையாளருக்குக் கண்ணாடிப் பவரைத் தப்பாக எழுதினேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பரிசோதித்தேன். மணமே இல்லை, லேசாக மல்லிகை வாசம் மட்டும். சாய்ந்த தரையில் வைத்தேன். அசையாமல் நின்றது. முன்னே தலை கனம், பின்னே வால் கனம், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வேறெந்தப் பொம்மையும் நின்றிராத உறுதியோடு நின்றது. அச்சுக் கோடு தெரியவில்லை. பல் ஒன்றும் குறையவில்லை. நான் யாருக்கும் கொடுக்காத பத்து அதற்கு உரியது.

நூற்றுப் பதினெட்டாவதாக அலுமாரியில் வைத்தேன். சந்தோஷம் வரும் என்று கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தேன். வரவில்லை. அம்மா எட்டிப் பார்த்து, "இது எதுக்குடி மொகத்த இப்படி வச்சுக்கிட்டு இருக்கு?" என்றாள். பொம்மையைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. படிச்ச ஆளுங்க உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பாங்க என்று அவர் சொன்னதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் என்ஜின் மூடிமேல் உட்காரவில்லை. பச்சை மிருகத்தைக் கையில் பிடித்து நின்றுகொண்டே, முன்னால் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அண்ணே, நான் வீடியோவுல பொய் சொன்னேன். இது குப்பை இல்ல. நூத்துப் பதினேழு வச்சிருக்கேன், இந்த மாதிரி ஒண்ணு இல்ல. இதுக்குப் பத்துக்குப் பத்து."

பஸ் நான் ஏறிய ஹோல்ட்டிலேயே நின்றது. பின்னால் ஒரு வேன்காரர் ஹோன் அடித்தார்.

"அப்ப ஏன் ரெண்டுன்னு சொன்னீங்க?"

"எனக்கு வேணும்னுதான். நீங்களே கழட்டிப் போடுவீங்கன்னு."

அவர் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த பச்சையைப் பார்த்தார். பிறகு அதை வாங்கிச் சட்டையில் துடைத்தார். புதிதாக ஒட்டியிருந்த ஒன்பது மார்க்கைப் பிய்த்துக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, பழைய இடத்தில் பழையதை அழுத்தி ஒட்டினார். தாதி எட்டி அதன் கொம்பைத் தொட்டார். என்னை இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார்.

"ரெண்டு தரம் கேட்டீங்க" என்றார் டிரைவர், கியரைப் போட்டபடி. "இவ ஆசைப்படுறாளே, இன்னொரு தரம் கேட்டா குடுத்துருவோம்னுதான் நெனச்சிருந்தேன். நீங்க கேக்கல."

அன்றைக்கு பஸ் ஏற்றத்தில் நிற்கவில்லை. முந்தின சாயங்காலமே டீசல் பில்டர் மாற்றிவிட்டதாகக் கண்டக்டர் காதருகே சொன்னார். நான் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அந்த ஞாயிறு புது வீடியோவில் நடந்ததை எல்லாம் சொல்லிப் பத்து மார்க் போட்டேன். மடவளைக் கடைக்காரர் அன்றிரவே போன் எடுத்து, "அப்ப எனக்குப் போட்ட நாலும் பொய்யா மிஸ்?" என்றார். அது உண்மை என்றேன். மறுபடியும் இரண்டு வாரம் பேசவில்லை.

அதற்குப் பிறகும் பல வருடம் அதே என்ஜின் மூடிமேல் உட்கார்ந்து போனேன், அந்த மூன்று கொம்புக்கு ஒரு சாண் தூரத்தில். மூன்றாவது தரம் மட்டும் கேட்கவே இல்லை. கேட்டால் கொடுத்துவிடுவார் என்று பயம்.