பிளாஸ்டிக்கில் பிடித்த துரு

எங்கள் தெருக் குழாய்க்காரருக்கு ‘டிக்டிக்’ என்ற பெயர் வந்தது இதயத்தில் செயற்கை வால்வு வைத்த பிறகுதான். அது திறந்து மூடும் சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். அவர் வீட்டுப் பல்லிகள் அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிக்கொண்டன. நம்பாதவர்கள் பல்லியைக் கேட்டுக்கொள்ளலாம்.

நான்கு வருடம் ஓடியாடிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஏணியில் இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. முகம் வெளுத்தது. காலையில் கழிப்பறைக்குப் போனால், சிறுநீர் பால் ஊற்றாத டீயின் நிறம். மறுபடி நெஞ்சைத் திறந்துவிடுவார்களோ என்று மனுஷனுக்கு உள்ளூர நடுக்கம். பழியைத் தூக்கிக் குழாய்மேல் போட்டார்.

“நம்ம வீட்டு இரும்புக் குழாய் துருப்பிடிச்சிருச்சுடி. தண்ணி நிறத்தைப் பாரு!”

“ஊருக்கெல்லாம் மாத்துறீங்க. நம்ம வீட்டுக் குழாய் இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுதா?” என்றாள் மனைவி.

மூச்சு வாங்க வாங்கக் குளியலறைச் சுவரை உடைத்து, மூன்றே நாளில் எல்லாவற்றையும் பிளாஸ்டிக்காக மாற்றினார். நான்காம் நாள் காலை உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை. மனைவி எட்டிப் பார்த்தாள். அதே டீ.

“ஏங்க, பிளாஸ்டிக்கும் துருப்பிடிக்குமா?”

அவர் புதுக் குழாயைத் திறந்து பார்த்தார்; தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. நெஞ்சு மட்டும் டிக், டிக்.

“சட்டையைப் போடுங்க. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம்.”

டாக்டரம்மா ஸ்கேன் செய்து பார்த்தார். “வால்வு நல்லாத்தான் இருக்கு. தைச்ச ஓரத்துல ஒரு சின்னச் சந்து. அதுவழியா ரத்தம் பீச்சியடிக்குது. அந்த வேகத்துல சிவப்பணுக்கள் கிழிஞ்சுபோகுது. அதோட சாயம்தான் சிறுநீர்ல வருது. மூச்சு வாங்குறதும் அதனாலதான்.”

“வாஷர் ஓரத்துல கசிவு!” என்றார் டிக்டிக். தொழில் விஷயம் என்றதும் பயம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியோடு கேட்டார்: “நெஞ்சைப் பிளக்கணுமா டாக்டர்?”

“வேணாம். தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு டியூப் விட்டு, சந்தை அடைச்சிடலாம்.”

“சுவரை உடைக்காமலேயா!”

“நல்லாக் கேட்டுக்குங்க,” என்றாள் மனைவி. “இந்த வித்தை உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா என் பாத்ரூம் பிழைச்சிருக்கும்.”

சந்தை அடைத்துக்கொண்டு வீடு திரும்பிய பத்தாம் நாள் காலை, குளியலறையிலிருந்து ஒரே கூச்சல். “அடியே, ஓடி வா!”

அடித்துப் பிடித்து ஓடினாள். அவர் பெருமையாகக் கையை நீட்டிக் காட்டினார். “பாரு, தெளிஞ்சிருச்சு!”

“கருமம், இதைக் காட்டவா கூப்பிட்டீங்க?” என்று தலையில் அடித்துக்கொண்டவள், குனிந்து இன்னொரு தரம் பார்த்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்தபடியே ஏணியைக் கொண்டுவந்து சாத்தினாள். “தெம்பு வந்ததும் சுவரைப் பூசிக்குடுங்க.”

அவர் அப்போதே ஏறினார். ஆறு படி. மூச்சு வாங்கவே இல்லை. மேலே பல்லி ஒன்று தொண்டையைச் செருமிக்கொண்டது.