எழுநூற்றைம்பது மைல்

"நாளைக்கு பொதன். எழுதியாச்சா?"

செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி கேட்கிறார் மீரா முகைதீன். குளச்சலில் பம்பாய்க்கு ஆள் போயிருக்கும் பதினாறு வீடுகளிலும் செவ்வாய்தோறும் இதே கேள்விதான். கடிதங்களை வாங்கி மெழுகுசீலைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போவார். வியாழன் விடியலில் விமானத் திடலில் தம் கையாலேயே ஒப்படைப்பார். இங்கே போட்டாலும் அதே விமானத்தில்தான் போகும் என்று போஸ்ட்மாஸ்டர் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். "போவும். ஆனா நான் பாக்கணும்லா" என்பது இவர் பதில்.

தொழில் கருவாட்டு வியாபாரம். நாற்பத்தெட்டு வயது. உப்பில் வெடித்த விரல்கள். ஒரு காலத்தில் தூரத்தை மைலில் சொல்லத் தெரியாதவர். பாய்த்தோணிக் கணக்கில், "காத்து நின்னா பம்பாய்க்குப் பன்னெண்டு நாளு" என்பார். இப்போது கேளாமலே சொல்கிறார்: "நேரே பறந்தா எழுநூத்தம்பது மைலு. நடுவுல ரெண்டு எடத்துல எறங்கி எண்ணெ ஊத்தணும். எல்லாஞ் சேத்து ஒம்பது மணிக்கூறு. ரயிலுன்னா மூணு நாளு."

இந்தக் கணக்கை அவர் கற்றது சென்ற மாசி மாதத்தில். வாப்பாவின் தோணியை விற்றதில் தம்பி சலாஹுதீனோடு சண்டை. தம்பி பம்பாய்க்குப் போய்விட்டான். ஆறு வருஷம் இருபக்கமும் ஒரு வரி இல்லை. பிறகு தந்தி வந்தது: ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், காக்காவை, அண்ணனைப் பார்க்க வேண்டுமாம்.

பறந்தே போய்விடலாம் என்று இவர் வியாழன் விடியலில் திடலுக்கு ஓடினார். தபால் விமானத்தில் ஆளுக்கென்று இருந்த இரண்டு இடத்திலும் ஆள் ஏறிவிட்டது. அங்கிருந்த அலுவலர் இரக்கப்பட்டு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, "எழுதித் தாங்க. நாளைக் காலையிலே தம்பி கையில கிட்டும்" என்றார்.

"தாளப் பிடிச்சிட்டு நின்னேன் சாரே" என்று என்னிடம் சொன்னார். "எழுதத் தெரியாதவனா நான்? ஆறு வருசம் பேசாதவனுக்கு மொத வரி என்னான்னு எழுத? விமானத்துக் காத்தாடி சுத்தத் தொடங்கியாச்சு. தாளு வெள்ளையாட்டே இருக்கு."

விமானம் போய்விட்டது. அன்றே ரயில் ஏறி ஞாயிற்றுக்கிழமை காலையில் பம்பாய் சேர்ந்தார். தம்பியை முந்தின நாள் மாலையில் அடக்கம் செய்திருந்தார்கள். வெள்ளி முழுவதும் நல்ல நினைவோடு இருந்தானாம். ஊரிலிருந்து ஏதாவது வந்ததா என்று இரண்டு முறை கேட்டானாம்.

சென்ற செவ்வாய் நானும் உடன் போனேன். பதினாறாவது வீடு பல்கீஸ் பீவியுடையது. மகன் பம்பாயிலேயே வேறு ஊர்ப் பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டதிலிருந்து அவள் அவன் பெயரையே எடுப்பதில்லை.

"அவனுக்கு எழுத எனக்கு ஒண்ணுமில்ல மீரான். நீ போ."

"நான் போவ மாட்டேன் ராத்தா."

படியில் உட்கார்ந்துவிட்டார். நண்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லி முடிந்தது. அப்போதும் எழவில்லை. கடைசியில் அவள் உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்து, சுவரோரம் குந்தி, "என்னத்த எழுத?" என்றாள்.

"தின்னியான்னு கேளுங்க. அது போரும்."

அவள் தாளின் மேல் குனிந்தாள். தோள் குலுங்கத் தொடங்கியது. மீரா முகைதீன் மெல்ல எழுந்தார்; அவளுக்கு முதுகு காட்டி, வாசலை அடைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்து நின்றார்.